துரும்பும் கருவியாகும்

நுழையும்முன்

அறிவியல் என்றவுடன் கண்ணாடிக் குடுவைகளும் நுண்ணோக்கியும் பூட்டிய அலமாரியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அறிவியலின் தொடக்கம் கருவியன்று, வினாவே ஆகும். வினாவை எழுப்பவும் அதற்கு விடை தேடவும் ஒரு பாடவேளையும் பள்ளியின் திறந்த வெளியும் போதும். ஒரு குச்சி, ஒரு துரும்பு, ஒரு கயிறு, ஒரு நெகிழிப்பை ஆகியவற்றைக் கொண்டு செய்யத்தக்க சில எளிய ஆய்வுகளையும், அவை நம் சிந்தனையில் ஏற்படுத்தும் மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கூரையில்லா ஆய்வுக்கூடம்

எல்லாப் பள்ளிகளிலும் ஆய்வுக்கூடம் இருப்பதில்லை. இருக்கும் பள்ளிகளிலும் அது மேல்வகுப்பு மாணவர்களுக்கே பெரும்பாலும் திறக்கப்படுகிறது. ஆறாம் வகுப்புக் குழந்தை தான் படிக்கும் அறிவியலைக் கையால் தொட்டறியாமலே தேர்வெழுதி மேல்வகுப்புக்குச் சென்றுவிடுகிறது. அக்குழந்தைக்கு அறிவியல் என்பது மனப்பாடம் செய்யவேண்டிய வரிகளின் தொகுப்பாகவே எஞ்சுகிறது. ஆனால், வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே வெயிலும் நிழலும் மண்ணும் மரமும் காற்றும் நாள்தோறும் கட்டணமின்றிக் காத்திருக்கின்றன.

உலகம் இவ்வுண்மையை ஒரு பேரழிவின் பின்னர்த் தெளிவாக உணர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பள்ளிகளும் ஆய்வுக்கூடங்களும் சிதைந்துபோன நாடுகளின் ஆசிரியர்களுக்காக, கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அறிவியல் கற்பிக்கும் வழிகளைக் கூறும் சிறுநூல் ஒன்றை யுனெஸ்கோ நிறுவனம் 1948ஆம் ஆண்டு வெளியிட்டது. அதன் வளர்ச்சியாக 1956ஆம் ஆண்டு வெளிவந்த அறிவியல் ஆசிரியர் கையேடு பல நாடுகளிலும் பயன்பட்டது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு, 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட அறிவியல் கல்வித் திட்டமும் இவ்வழியில் நடந்ததே. ஊரில் கிடைக்கும் எளிய பொருள்களே அத்திட்டத்தில் கருவிகளாயின. தமிழகத்தில் அறிவியல் இயக்கத்தினரும் சிறுவர்க்கான அறிவியல் இதழ்களும் இப்பணியைத் தொடர்ந்து செய்து வருகின்றனர்.

இத்தகைய ஆய்வுகளுக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. முன்னேற்பாடு மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். ஒரு பாடவேளைக்குள் முடிதல் வேண்டும். விடை நூலில் இல்லாமல் நிலத்தில் இருத்தல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது. விடை முன்னரே தெரிந்த ஒன்றைச் செய்துகாட்டுவது வேடிக்கை. விடையைத் தேடிக் காண்பதே ஆய்வு.

நிழல் காட்டும் திசை

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பது நாம் முதலில் கற்ற அறிவியல் செய்திகளுள் ஒன்று. அதனை யாரும் ஐயுறுவதில்லை. ஐயுறாத காரணத்தால் யாரும் அளந்து பார்ப்பதும் இல்லை.

ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள நேரான குச்சியொன்றைச் சமதளமான மண்ணில் செங்குத்தாக நடுக. நூலின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்பது விளங்கும். முற்பகலில் குச்சியின் நிழல்நுனி விழும் இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைக்க. குச்சியை நடுவாகக் கொண்டு, அக்கல்லின் வழியே செல்லும் வட்டம் ஒன்றைக் கயிற்றால் வரைக. பொழுது ஏற ஏற நிழல் குறுகி வட்டத்துக்குள் செல்லும். நண்பகலுக்குப் பின் நீண்டு மீண்டும் வட்டத்தைத் தொடும். தொடும் அவ்விடத்தில் இரண்டாம் கல்லை வைக்க. இரு கற்களையும் இணைக்கும் நேர்கோடு கிழக்கு மேற்காக அமையும். முதற்கல் மேற்கையும் இரண்டாம் கல் கிழக்கையும் குறிக்கும். காலையில் கல்லை வைத்தல், கோடு போடுதல், மாலையில் கல்லை வைத்தல் ஆகிய மூன்று வேலைகளுக்கும் சேர்த்துக் கால்மணி நேரமே ஆகும். எஞ்சிய வேலையைச் சூரியன் செய்துவிடும்.

நிழலைக் கொண்டு திசை காணும் இம்முறை நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனை அமைக்க நிலம் குறித்த செய்தியைக் கூறுமிடத்தில், கோல்களை நட்டு நிழல் நோக்கிய நண்பகலையும், நூலறிந்த புலவர் கயிறிட்டுத் திசை வகுத்ததையும் பதிவுசெய்துள்ளது. காந்த ஊசி கைக்கு வருவதற்கு முன்னரே, நிழலும் கயிறும் பெருங்கட்டடங்களுக்குத் திசை காட்டியிருக்கின்றன.

இனி, மண்ணில் வரைந்த கிழக்குக் கோட்டின் நேரே நின்று, மறுநாட்காலை சூரியன் உதிக்கும் இடத்தைக் காண்க. அது கோட்டின் நேரே உதிப்பது அரிது. மார்ச்சு 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டியே சூரியன் நேர்கிழக்கில் உதிக்கிறது. சூன் மாதத்தில் வடக்கு நோக்கியும் திசம்பர் மாதத்தில் தெற்கு நோக்கியும் ஏறத்தாழ 24 பாகை விலகி உதிக்கிறது. கிழக்கே உதிக்கிறது என்னும் வரி பொய்யன்று, முழுமையும் அன்று. நாம் எழுதிப் பழகிய ஒரு வரிக்குள் இவ்வளவு பெரிய அசைவு மறைந்திருப்பதை ஒரு குச்சி காட்டிவிடுகிறது.

அக்குச்சி மேலும் இரண்டு செய்திகளைக் கூறும். நிழல் மிகக் குறுகும் வேளையே அவ்விடத்தின் உண்மையான நண்பகல். அவ்வேளையில் கடிகாரத்தைப் பார்த்தால், ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அது 12 மணியைக் கடந்திருக்கும். இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. தமிழகம் அக்கோட்டுக்கு மேற்கில் அமைந்துள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் எனும் கணக்கில், சென்னைக்கு நண்பகல் வந்து ஏறத்தாழ 13 நிமிடங்களுக்குப் பின்னரே கோயம்புத்தூருக்கு வருகிறது. கடிகாரம் மக்கள் வகுத்த உடன்பாடு. நிழல் புவியின் சுழற்சி. இரண்டும் வேறு வேறு என்பதை அளந்தவர் அறிவர்.

மற்றொன்று, நண்பகல் நிழல் விழும் பக்கம். மே, சூன், சூலை மாதங்களில் தமிழகத்தில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். குளிர்மாதங்களில் வடக்கு நோக்கி விழும். பக்கம் மாறும் நாளில் நண்பகலில் குச்சிக்கு நிழலே இராது. அதனை நிழலில்லா நாள் என்பர். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட இடங்களில் மட்டுமே, ஆண்டுக்கு இருமுறை இது நிகழும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், திருச்சிராப்பள்ளியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும், சென்னையில் ஏப்ரல் நான்காம் வாரத்திலும் முதல் நிழலில்லா நாள் அமைகிறது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நிழலின்மை ஊர் ஊராக நகர்ந்து செல்வதை, ஊருக்கு ஒரு குச்சி நட்ட மாணவர்கள் தம்முள் செய்தி பரிமாறியே கண்டுகொள்ளலாம்.

தெரிந்து தெளிவோம்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த எரத்தோசுதனீசு என்னும் அறிஞர், நிழலைக் கொண்டே புவியின் சுற்றளவைக் கணித்தார். தெற்கிலுள்ள சயீன் நகரில் கோடைக்கால நெடும்பகல் நாளன்று நண்பகலில் நிழல் விழாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதேநாள் நண்பகலில் அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை இருந்தது. ஆகவே, இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவைப் போல் ஐம்பது மடங்கே புவியின் சுற்றளவு என்று அவர் கண்டார்.

துரும்பு காட்டும் பொழுது

கடிகாரம் வீட்டுக்கு வராத காலத்தில், வயலில் வேலை செய்த தமிழ் மக்கள் கீழே கிடந்த துரும்பொன்றை எடுத்துப் பொழுது கண்டனர். முறை எளியது. துரும்பைப் பதினாறு சம பாகங்களாக்க வேண்டும். அதன் ஒரு பகுதி நிமிர்ந்து நிற்குமாறும் எஞ்சிய பகுதி தரையில் கிடக்குமாறும் செங்கோணத்தில் மடிக்க வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை மாற்ற வேண்டும். அப்போது நிற்கும் பகுதி எத்தனை பாகமோ அத்தனை நாழிகை. முற்பகலில் அது சூரியன் உதித்த பின் சென்ற நாழிகை. பிற்பகலில் சூரியன் மறைய எஞ்சிய நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடங்கள் ஆகும்.

பனையோலைக் கீற்று ஒன்றோ தடித்த தாள் ஒன்றோ இருந்தால் இதனை ஐந்து நிமிடங்களில் செய்து பார்க்கலாம். நீளம் எவ்வளவாயினும் கணக்கு மாறாது. பதினாறு பாகங்களும் சமமாக இருந்தால் போதும். ஏனெனில், இங்குக் கணக்கிடப்படுவது நீளமன்று, விகிதமே.

இம்முறை எவ்வளவு சரியானது? சூரியன் தலைக்கு நேர் மேலே செல்லும் நாளொன்றை எடுத்துக்கொள்வோம். உதயம் முதல் உச்சிவரை ஆறு மணி நேரத்தில் சூரியன் 90 பாகை ஏறுகிறது எனக் கொள்ளலாம். 45 பாகை உயரத்தில் குச்சியும் நிழலும் சம நீளமுடையவை. எனவே நிற்பது 8 பாகம், கிடப்பது 8 பாகம். துரும்பு 8 நாழிகை என்று கூறும். உண்மையில் சென்றது மூன்று மணி நேரம்; அதாவது ஏழரை நாழிகை. பிழை அரை நாழிகையே. 60 பாகை உயரத்தில் துரும்பு 10 நாழிகையை ஒட்டிக் காட்டும். உண்மையும் 10 நாழிகையே. கோணமானியும் எழுதுகோலும் இன்றி, கீழே கிடந்த துரும்பிலிருந்து பெற்ற விடை இது. முக்கோணவியல் பயின்ற நாம் இதனைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது.

எனினும், வியப்போடு நின்றுவிடுவது அறிவியலாகாது. இதே துரும்பை மார்கழி மாதத்தில் திருச்சிராப்பள்ளியில் நண்பகலில் வைத்துப் பார்ப்போம். அப்போது உச்சிவேளையிலும் சூரியன் ஏறத்தாழ 56 பாகை உயரமே ஏறியிருக்கும். துரும்பு ஒன்பதரை நாழிகை என்று கூறும். உண்மையில் உதயத்திலிருந்து பதினான்கு நாழிகைக்கு மேல் சென்றிருக்கும். பிழை ஏறத்தாழ இரண்டு மணி நேரம்! சித்திரையில் பொருந்திய விதி மார்கழியில் ஏன் பொருந்தவில்லை? சூரியன் தலைக்கு நேர் மேலே செல்கிறது என்பதே அவ்விதியின் மறைமுகமான நிபந்தனை. அந்நிபந்தனை விலகும்போது விதியும் விலகுகிறது.

நம் முன்னோர் அறிவு முழுவதும் சரியே என்று போற்றுவோரும் உளர். அனைத்தும் மூடநம்பிக்கையே என்று தள்ளுவோரும் உளர். இரு சாராரும் துரும்பை வெயிலில் வைத்துப் பார்க்காதவர்களே. வைத்துப் பார்த்தவர், அது எங்குப் பொருந்தும், எதுவரை பொருந்தும், ஏன் அதற்குமேல் பொருந்தாது என்று கூறுவர். முன்னோர் அறிவுக்கு நாம் செய்யத்தக்க உண்மையான மரியாதை அதுவே. அவர்களும் பார்த்தே அறிந்தனர். பாராமல் நம்பியிருப்பின் துரும்பைக் கையில் எடுத்திருக்கமாட்டார்கள்.

நிழலால் உயரம் காணல்

பள்ளியில் நிற்கும் தென்னையின் உயரம் எவ்வளவு? ஏறாமலும் வெட்டாமலும் காண்பதற்கு நிழலே துணை. ஒரே வேளையில் விழும் நிழல்கள் அனைத்தும் பொருளின் உயரத்தோடு ஒரே விகிதத்தில் அமைகின்றன. 1 மீட்டர் குச்சிக்கு 80 செ.மீ. நிழலும், தென்னைக்கு 6.4 மீட்டர் நிழலும் விழுந்தால், தென்னையின் உயரம் 8 மீட்டர். வடிவொத்த முக்கோணங்கள் பற்றிய பாடம் இங்கு மண்ணிலேயே வரையப்பட்டுவிடுகிறது. கிரேக்க அறிஞர் தேல்சு எகிப்தியப் பிரமிடின் உயரத்தை இவ்வாறே கண்டறிந்தார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. இதே முறையைப் பரந்து கிளைத்த தூங்குமூஞ்சி மரத்துக்குப் பயன்படுத்தினால் விடை பிழைபடக்கூடும். நிழலின் விளிம்பு மரத்தின் உச்சியால் விழுந்ததன்று. பக்கவாட்டில் நீண்ட கிளையால் விழுந்தது. ஐந்து குழுக்கள் ஒரே மரத்தை அளந்து ஐந்து விடைகளைக் கொண்டுவரும்போது, யார் விடை சரி என்று ஆசிரியரைக் கேட்பதைவிட, விடைகள் ஏன் வேறுபட்டன என்று தமக்குள் கேட்பதே பயன் தரும். நிலம் சரிவாக இருந்ததா, கயிறு தொய்ந்ததா, அளவெடுத்த வேளைகள் வேறுபட்டனவா? பிழையின் காரணத்தைத் தேடும் பயிற்சியே அளவியலின் முதற்பாடம்.

கைதட்டலில் ஒலியின் வேகம்

பள்ளியின் நீண்ட சுவர் ஒன்றிலிருந்து 35 மீட்டர் தொலைவில் நின்று கைதட்டுக. சுற்றிலும் அமைதி நிலவினால் எதிரொலி கேட்கும். இப்போது, ஒவ்வோர் எதிரொலியும் இரண்டு கைதட்டல்களுக்கு நடுவே சரியாக விழுமாறு சீராகத் தட்டிக்கொண்டே செல்க. தாளம் பழகியவர்க்கு இது எளிது. தாளம் அமைந்தபின், 20 இடைவெளிகளுக்கு ஆகும் நேரத்தை மற்றொருவர் கணக்கிடுக. அது ஏறத்தாழ 8 நொடிகளாக இருக்கும். எனவே ஓர் இடைவெளி 0.4 நொடி, ஒலி சுவருக்குச் சென்று மீள ஆன நேரம் அதில் பாதி, 0.2 நொடி. அந்நேரத்தில் ஒலி கடந்த தொலைவு 70 மீட்டர். ஆகவே ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர். காற்றின் வெப்பநிலை 30 பாகை செல்சியசாக இருக்கும்போது நூல்கள் தரும் அளவும் ஏறத்தாழ இதுவே.

ஒற்றை எதிரொலியின் 0.2 நொடியைக் கையால் அளக்க முடியாது. ஆனால், அதனைப் பலமுறை அடுக்கி 8 நொடியாக்கினால் அளக்க முடியும். சிறியதை அளக்க அதனைப் பெருக்கிக்கொள் என்னும் இவ்வழி அறிவியலில் பல இடங்களில் பயன்படுகிறது. எண்ணுவதிலும் கவனம் தேவை. முதற் கைதட்டலைச் சுழியம் என்று எண்ணித் தொடங்க வேண்டும். 20 இடைவெளிகளுக்கு 21 கைதட்டல்கள் அல்லவா வேண்டும்!

இலை வெளியிடும் நீர்

மரங்கள் வேரால் உறிஞ்சிய நீரில் பெரும்பகுதியை இலைகள் வழியே ஆவியாக வெளியேற்றுகின்றன. இதனை நீராவிப்போக்கு என்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத இச்செயலை ஒரு நெகிழிப்பை காட்டித்தரும். வெயில் படும் வேப்பங்கிளை ஒன்றின் இலைக்கொத்தை ஒளிபுகும் நெகிழிப்பையால் மூடி, வாயைக் காற்றுப் புகாமல் நூலால் கட்டுக. அரைமணி நேரத்தில் பையின் உட்புறம் மங்கலாகி, நீர்த்துளிகள் திரளத் தொடங்கும்.

துளிகளைக் கண்டவுடன் ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. அந்நீர் பைக்குள் முன்னரே இருந்த காற்றின் ஈரமாக இருக்கலாம் அல்லவா? இவ்வினாவை எழுப்பும் மாணவர் குறும்பு செய்யவில்லை, அறிவியல் செய்கிறார். அவருக்கு விடை கூற, இலையில்லாத காய்ந்த குச்சி ஒன்றிலும் அதேபோன்ற பையை அதே வேளையில் கட்ட வேண்டும். அப்பையில் துளிகள் திரளவில்லையெனில் முதற்பையின் நீர் இலையிலிருந்தே வந்தது என்று துணியலாம். ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாற்றாமல் ஒப்பிடும் இதனைக் கட்டுப்பாட்டு ஆய்வு என்பர். புதிய மருந்தொன்று நோயைத் தீர்க்குமா என்று காண்பதற்கும் இவ்வொப்பீடே அடிப்படையாக அமைகிறது. ஆய்வு முடிந்தவுடன் பைகளை அவிழ்த்துவிட வேண்டும்; வெயிலில் மூடிக் கிடக்கும் இலைகள் வெந்துவிடும். பால் வடியும் எருக்கு முதலிய செடிகளைத் தவிர்த்தல் நன்று. அப்பால் கண்ணுக்குத் தீங்கு செய்யும்.

ஒரு சதுர மீட்டர் நிலம்

நான்கு குச்சிகளையும் நான்கு மீட்டருக்குச் சற்று மிகுந்த கயிற்றையும் கொண்டு, ஒரு சதுர மீட்டர் நிலத்தை எல்லையிடுக. அதனுள் எத்தனை வகைச் செடிகள் உள்ளன, ஒவ்வொரு வகையிலும் எத்தனை உள்ளன என்று எண்ணுக. அருகம்புல், கீழாநெல்லி, குப்பைமேனி, தும்பை, நெருஞ்சி, மூக்கிரட்டை என்று பெயர் தெரிந்தவற்றை எழுதுக. பெயர் தெரியாதவற்றுக்கு இலையின் வடிவத்தை வரைந்து எண்ணிடுக. பத்து நிமிடங்களில் முதற்பட்டியல் ஆயத்தமாகிவிடும். இதே ஆய்வை மரநிழலில் ஓரிடத்திலும் திறந்த வெளியில் ஓரிடத்திலும் செய்து ஒப்பிட்டால், ஒளியும் ஈரமும் எந்தச் செடியை எங்கு வாழவைக்கின்றன என்பது புலனாகும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் மனம் நம்மை ஏமாற்றும். செழித்த இடத்தையே கண் நாடும். அவ்வாறு தேர்ந்தால் பள்ளி நிலம் முழுவதும் செழித்திருப்பதாகக் கணக்கு வந்துவிடும். ஆகவே, ஆளில்லாத பக்கம் நோக்கி, கண்ணை மூடிக்கொண்டு சிறு குச்சியொன்றை எறிந்து, அது விழுந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். விருப்பத்தை விலக்கி மாதிரி எடுக்கும் இப்பழக்கம் கருத்துக்கணிப்பு முதல் மக்கள்நல ஆய்வு வரை அனைத்துக்கும் பொருந்தும். சதுரமிட்டுச் செடிகளை எண்ணும் இம்முறையை, அமெரிக்காவின் நெபுராசுகா மாநிலப் புல்வெளிகளில் உரோசுகோ பவுண்டும் பிரடெரிக் கிளமெண்ட்சும் 1898ஆம் ஆண்டளவில் கையாண்டு, சூழலியலில் நிலைபெறச் செய்தனர். முழங்காலிட்டு எண்ணிய பின்னரே, தம்மால் உறுதியென நம்பப்பட்ட கண்மதிப்பீடுகள் பிழையானவை என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

கண்ட பின்னரே கொள்ளுதல்

இவ்வாய்வுகளால் புதிய கண்டுபிடிப்பு எதுவும் நிகழ்ந்துவிடப் போவதில்லை என்று சிலர் கூறலாம். திறந்த வெளியும் எளிய கருவியும் எத்துணைத் தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்குத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனே சான்று. 1921ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பியபோது, மத்தியத் தரைக்கடலின் ஆழ்ந்த நீலம் அவரது கருத்தைக் கவர்ந்தது. கடலின் நீலம் வானத்தின் நீலம் எதிரொளிப்பதால் தோன்றுவது என்பது புகழ்மிக்க அறிஞர் இராலே பிரபுவின் கருத்து. இராமன் அக்கருத்தைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுச் செல்லவில்லை. தம்மிடமிருந்த நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவியின் வழியே, கப்பலின் மேல்தளத்தில் நின்று கடலை நோக்கினார். நீர்ப்பரப்பிலிருந்து எதிரொளிக்கும் ஒளியை அப்பட்டகம் விலக்கியது. விலக்கிய பின்னும் கடல் நீலமாகவே இருந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் எண்ணம் அங்கு வலுப்பெற்றது. அவ்வழியே தொடர்ந்த ஆய்வுகள் 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவின் கண்டுபிடிப்பிலும், 1930ஆம் ஆண்டு நோபல் பரிசிலும் நிறைவுற்றன. பிப்ரவரி 28 இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கப்பல் மேல்தளமும் பள்ளித் திடலும் இவ்வகையில் ஒன்றே. எவர் கூறினார் என்பதைக் கொண்டன்றி, எது நிகழ்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யும் இடங்கள் அவை. இன்று நம் கைகளில் உள்ள அலைபேசி, ஒரு நாளில் எண்ணற்ற செய்திகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அவற்றுள் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு, பாதி மெய்யும் உண்டு. ஒவ்வொன்றையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசெல்ல இயலாது. ஆனால், இதனை எப்படி அறிந்தனர், எதனோடு ஒப்பிட்டனர், எந்த நிபந்தனையில் இது பொருந்தும் என்று கேட்கும் பழக்கம் நமக்கு இருத்தல் வேண்டும். வெயிலில் துரும்பை வைத்து அதன் பிழையை அளந்த குழந்தைக்கு, அவ்வினாக்களைக் கேட்பது இயல்பாகிவிடும்.

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. கீழ்வகுப்புகளில் பயிலும் தம்பி தங்கையரை ஒரு பாடவேளை வெளியே அழைத்துச் செல்லும் தகுதியும் அறிவும் அவர்களிடம் உள்ளன. அழைத்துச் செல்வோர் சூரியனை வெறுங்கண்ணால் நோக்கலாகாது என்பதை முதலில் கூற வேண்டும்; நிழலை நோக்கினால் போதும். கடுவெயிலில் நெடுநேரம் நிற்றலையும், புதர்களுக்குள் கையிடுதலையும் தவிர்க்கச் செய்ய வேண்டும். அதன்பின் விடையைக் கூறாதிருத்தலே அவர்கள் செய்யவேண்டிய அரிய பணி. குச்சியை நட்டுவிட்டு, நிழல் எந்தப் பக்கம் நகரும் என்று மட்டும் கேட்க வேண்டும். சில குழந்தைகள் சரியாகக் கூறுவர். சிலர் மாற்றிக் கூறுவர். யார் கூறியது சரி என்பதைச் சற்றுநேரத்தில் நிழலே தெரிவித்துவிடும். அத்தீர்ப்பின் முன் ஆசிரியரும் மாணவரும், முதல் மதிப்பெண் பெற்றவரும் பெறாதவரும் சமமானவர்களே.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளியில் ஒரு குச்சியை நட்டு, வாரம் ஒருமுறை நண்பகல் நிழலின் நீளத்தையும் திசையையும் குறித்து, உங்கள் ஊரின் நிழலில்லா நாளைக் கண்டறிக.

2. துரும்பால் பொழுது காணும் முறையை ஒரே நாளில் மூன்று வேளைகளில் செய்து, கடிகார நேரத்தோடு ஒப்பிட்டு, பிழைகளை அட்டவணைப்படுத்துக.

3. உங்கள் வீட்டிலோ ஊரிலோ முதியோர் பின்பற்றும் இயற்கை சார்ந்த கணிப்பு ஒன்றைக் கேட்டறிந்து, அதனைச் சோதித்துப் பார்ப்பதற்கான வழிமுறையை ஒரு பக்க அளவில் எழுதுக.